பட்டாளத்துக்குப் போன முன்னோரைத் தாள்களில் தேடுவது எப்படி: பழைய பிரிட்டிஷ் ராணுவப் பதிவேடுகளுக்கு ஒரு வழிகாட்டி

பழைய பிரிட்டிஷ் ராணுவம் ஒரு சாதாரணச் சிப்பாயின் தாள்களைப் பத்திரமாக வைத்திருந்தது என்றால், அதற்குப் பெரும்பாலும் பணம்தான் காரணம். அவருக்குப் பென்சன் கொடுக்க வேண்டியிருந்தது. அல்லது அவர் இறந்தபின் சம்பளப் பாக்கியை வீட்டாருக்கு அனுப்ப வேண்டியிருந்தது. பணம் சம்பந்தப்படாத இடத்தில் தாள் கழிந்துபோனது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் தேடலில் பாதிக் குழப்பம் தீரும். பெயர் மட்டும் கையில் இருந்தால் போதாது. எந்தப் படையில் இருந்தார், எந்த ஆண்டுகளில், எப்படி வெளியே வந்தார் என்ற மூன்றும் தெரிந்தால்தான் எந்தக் கட்டிடத்தில் எந்த அலமாரியில் தேடுவது என்று முடிவு செய்ய முடியும்.

முதலில்: எந்தப் படை?

"தாத்தா பிரிட்டிஷ் மிலிட்டரியில் இருந்தார்" என்று வீட்டில் சொல்வதற்குள் மூன்று வெவ்வேறு படைகள் ஒளிந்திருக்கலாம். மூன்றின் தாள்களும் மூன்று இடங்களில் இருக்கின்றன. தவறான இடத்தில் தேடுபவர் ஆண்டுக்கணக்கில் தேடினாலும் ஒன்றும் கிடைக்காது.

ஒன்று, அரசரின் சொந்தப் படை. லண்டன் போர்த்துறை நடத்திய பிரிட்டிஷ் ராணுவம் அதுதான். 1754-இல் இந்தியா வந்த 39-ஆம் காலாட்படையில் தொடங்கி, இதன் ரெஜிமென்ட்கள் முறை போட்டுக்கொண்டு சென்னை, பெங்களூர், திருச்சி, பரங்கிமலை, வெல்லிங்டன் கண்டோன்மென்ட்களில் இருந்துவிட்டுப் போயின. இதன் பதிவேடுகள் லண்டனின் மேற்குப் பகுதியான கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

இரண்டு, கும்பெனிப் படை. கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை, வங்காளம், பம்பாய் என்று மூன்று மாகாணங்களுக்கும் தனித்தனிப் படை வைத்திருந்தது. அதில் இந்தியச் சிப்பாய்களோடு ஐரோப்பியர் மட்டுமே கொண்ட ரெஜிமென்ட்களும் உண்டு. இவற்றின் தாள்கள் லண்டன் செயின்ட் பாங்க்ரஸில் இருக்கும் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் பதிவுகளில் உள்ளன (லண்டனிலிருந்து இந்திய நிர்வாகத்தைப் பார்த்த அலுவலகம் அது).

மூன்று, 1858-இல் ஆட்சி கும்பெனியிடமிருந்து அரசிக்கு மாறியபின் வந்த பிரிட்டிஷ் இந்திய ராணுவம். மூன்று மாகாணப் படைகளும் 1895-இல் ஒன்றாக இணைக்கப்பட்டன. 1947 வரை இருந்தது இந்தப் படைதான். பட்டாளத்துக்குப் போனவர்கள் உள்ள தமிழ்நாட்டுக் குடும்பங்களில் பலருடைய தாத்தாவோ பூட்டனோ இருந்தது இதில்தான். இதன் அதிகாரிகளின் கோப்புகள் லண்டனில். சிப்பாய்களின் தாள்கள் லண்டனுக்குப் போகவே இல்லை, இந்தியாவிலேயே ரெஜிமென்ட் ஆவண அலுவலகங்களில் தங்கிவிட்டன.

எல்லை தாண்டியவர்களும் உண்டு. கும்பெனியின் மூன்று சென்னை ஐரோப்பிய ரெஜிமென்ட்களும் 1860-களின் தொடக்கத்தில் அரச படைக்கு மாற்றப்பட்டு 102, 105, 108 என்ற எண்களைப் பெற்றன. 1850-இல் சேர்ந்து 1870-இல் வெளியேறிய ஒருவரின் முன்பாதி செயின்ட் பாங்க்ரஸிலும் பின்பாதி கியூவிலும் கிடக்கும். இலங்கைக் குடும்பங்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இலங்கை 1802 முதல் நேரடி அரசக் குடியேற்றம், கும்பெனியின் சொத்து அல்ல. எனவே 1873-இல் கலைக்கப்பட்ட சிலோன் ரைஃபிள்ஸ் படையின் தாள்களைக் கியூவில்தான் தேட வேண்டும்.

வீட்டிலிருந்து தொடங்குங்கள்

இணையத்தைத் திறப்பதற்கு முன் பீரோவைத் திறங்கள். தேட வேண்டியவை: பதக்கங்கள், டிஸ்சார்ஜ் புத்தகம், பென்சன் ஆணை, சீருடைப் படம், கடித உறை, தேவாலயச் சான்று, நிலப் பட்டாவில் பெயருக்கு முன்னால் ஒட்டியிருக்கும் "சுபேதார்", "ஜமேதார்", "ஹவில்தார்" போன்ற அடைமொழி.

பதக்கத்தின் முகப்பைவிட விளிம்புதான் முக்கியம். முதல் உலகப்போரின் பிரிட்டிஷ் போர்ப் பதக்கத்திலும் வெற்றிப் பதக்கத்திலும் விளிம்பைச் சுற்றி எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவை பொறிக்கப்பட்டிருக்கும். நட்சத்திர வடிவப் பதக்கங்களில் அது பின்பக்கம் இருக்கும். எழுத்து தேய்ந்திருந்தால் பக்கவாட்டிலிருந்து டார்ச் அடித்து, விளிம்பை மெல்லச் சுழற்றிப் படம் எடுங்கள். நிழலில் எழுத்து தெரியவரும். பாலிஷ் போட்டுத் தேய்க்கவே வேண்டாம். எத்தனையோ பதக்கங்களில் பெயர் அழிந்தது போரால் அல்ல, பாலிஷால்தான். அங்கே பொறித்திருக்கும் படைப்பிரிவு பொதுவாக அவர் முதன்முதலில் கடல்கடந்து போனபோது இருந்த பிரிவு. கடைசியாக இருந்த பிரிவாக இருக்க வேண்டும் என்பதில்லை.

இரண்டாம் உலகப்போர்ப் பதக்கங்களில் நிலைமை வேறு. பிரிட்டிஷ் ராணுவம் அவற்றைப் பெயர் பொறிக்காமலே கொடுத்தது. இந்தியாவில் வழங்கப்பட்டவற்றில் பெயர் உண்டு. ஆகவே 1939–45 நட்சத்திரத்தில் பெயர் இருந்தால் அது இந்திய ராணுவத்தைக் காட்டும் நல்ல தடயம். வீட்டில் "வீரத்துக்குக் கொடுத்தது" என்று சொல்லப்படும் பதக்கங்களில் மிகப் பெரும்பாலானவை அந்தப் போரில் பணியாற்றிய எல்லோருக்கும் கொடுத்தவைதான். அதனால் அதன் மதிப்புக் குறையாது. ஆனால் வீரப்பதக்கப் பட்டியலில் தேடி நேரத்தைச் செலவிட வேண்டாம்.

எண்ணையும் ரெஜிமென்ட்டையும் இணைத்துப் பாருங்கள்

பிரிட்டிஷ் ராணுவத்தில் 1920 வரை சிப்பாயின் எண் என்பது ரெஜிமென்ட் கொடுத்த எண். 4512 என்ற எண் ஒரே நேரத்தில் பல ரெஜிமென்ட்களில் பல பேருக்கு இருந்திருக்கும். ஒருவர் வேறு ரெஜிமென்ட்டுக்கு மாறினால் எண்ணும் மாறும். பகுதிநேரப் படையான டெரிட்டோரியல் படையில் 1917-இல் எல்லோருக்கும் ஒரேயடியாகப் புதிய எண் கொடுத்தார்கள். அதனால் ஒரே ஆளுக்கு இரண்டு மூன்று எண்கள் இருப்பது சாதாரணம். 1920-க்குப் பிறகுதான் ராணுவம் முழுவதற்கும் பொதுவான எண் வந்தது.

ரெஜிமென்ட் பெயர்களும் அப்படியே. 1881 வரை காலாட்படைகளை எண்ணால் அழைத்தார்கள். அந்த ஆண்டுச் சீர்திருத்தத்தில் அவை இரண்டிரண்டாகச் சேர்க்கப்பட்டு மாவட்டப் பெயர் பெற்றன. 1806 வேலூர்க் கிளர்ச்சியின்போது கோட்டையில் இருந்த 69-ஆம் காலாட்படை, 1881-இல் 41-ஆம் படையோடு சேர்ந்து வெல்ஷ் ரெஜிமென்ட் ஆனது. 1875-இல் 69-இல் சேர்ந்தவரின் கடைசித் தாள் வெல்ஷ் ரெஜிமென்ட்டின் பெயரில் இருந்தால் ஆள் மாறிவிட்டார் என்று பயப்பட வேண்டாம்.

சென்னைப் படைக்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது. 1903-இல், இந்தியாவின் தலைமைத் தளபதியாக இருந்த கிச்சனர் காலத்து மறு எண்ணிடலில், எஞ்சியிருந்த சென்னைக் காலாட்படைகளின் பழைய எண்ணோடு 60 கூட்டப்பட்டது. 13-ஆம் சென்னைக் காலாட்படை 73-ஆம் கர்னாடிக் காலாட்படை ஆனது. 23-ஆவது 83-ஆம் வாலாஜாபாத் இலகு காலாட்படை ஆனது. 1, 4, 21 ஆகியவை 61, 64, 81-ஆம் பயனியர்கள் (சாலை போடும் வேலையும் செய்த காலாட்படைகள்) ஆயின. டிஸ்சார்ஜ் தாளில் "75 கர்னாடிக்" என்றும், அவருடைய அப்பாவின் தாளில் "15 மெட்ராஸ்" என்றும் இருந்தால் இருவரும் ஒரே படையில் இருந்தவர்கள்.

1914-க்கு முந்தைய பிரிட்டிஷ் சிப்பாய்

கியூ காப்பகத்தின் இணையப் பட்டியலுக்கு டிஸ்கவரி என்று பெயர். அதில் போர்த்துறைத் தொகுப்புகள் எல்லாம் "டபிள்யூ.ஓ." (வார் ஆபீஸ், அதாவது போர்த்துறை) என்ற முன்னெழுத்துடன் ஒரு எண்ணைக் கொண்டிருக்கும். அந்த எண்கள்தான் உங்கள் திறவுகோல். தேடும்போது ஆங்கில எழுத்தில் இடைவெளி விட்டுத் தட்டுங்கள்.

முதலில் பார்க்க வேண்டியது டபிள்யூ.ஓ. 97. 1760 முதல் 1913 வரை ராணுவத்தை விட்டு வெளியேறியவர்களின் சேவைத் தாள்கள் இவை. ஃபைண்ட்மைபாஸ்ட் என்ற வம்சாவளித் தளத்தில் பெயரால் தேடிப் படமாகவே பார்க்கலாம். நல்ல நிலையில் கிடைத்தால் ஒரு மனிதரே எதிரில் வந்து நிற்பதுபோல இருக்கும்: பிறந்த ஊர், சேர்ந்தபோது வயது, முன்பு செய்த தொழில், உயரம், கண் நிறம், முடி நிறம், உடலில் உள்ள தழும்பு, எங்கெங்கே எத்தனை ஆண்டு பணி, என்ன தண்டனை, என்ன நோய், ஏன் விடுவிக்கப்பட்டார், கடைசியில் கையெழுத்து அல்லது கையெழுத்துத் தெரியாதவரின் பெருக்கல் குறி.

ஆனால் இந்தத் தொகுப்பில் எல்லோரும் இல்லை. 1883-க்கு முன்பு பென்சன் வாங்கி வெளியேறியவர்களின் தாள்கள் மட்டுமே பொதுவாக மிஞ்சின. பணியில் இறந்தவர், ஓடிப்போனவர், பணம் கட்டி விடுதலை வாங்கியவர் ஆகியோருடைய தாள்கள் இதில் இல்லை. 1883-க்குப் பிறகு ஒப்பந்தக் காலம் முடித்தவர்களும் பணம் கட்டி வெளியேறியவர்களும் சேர்க்கப்பட்டார்கள். இந்தியாவில் காலராவிலும் காய்ச்சலிலும் இறந்த ஆயிரக்கணக்கானவர்களை டபிள்யூ.ஓ. 97-இல் தேடி "அப்படி ஒரு ஆளே இல்லை" என்று முடிவுகட்டுவதுதான் புதிதாகத் தேடுபவர்கள் செய்யும் மிகப் பெரிய தவறு.

அயர்லாந்து தொடர்பு இருந்தால் டப்ளினில் இருந்த கில்மெய்ன்ஹாம் மருத்துவமனையின் பென்சன் பதிவுகளையும் பாருங்கள்; அவை டபிள்யூ.ஓ. 118, 119. பகுதிநேர மிலிஷியாவில் சேர்ந்தவர்களுக்கு டபிள்யூ.ஓ. 96.

இவை எதிலும் இல்லையென்றால் இருக்கிறது வருகைப் பட்டியல். இதைப் பொறுமையாகப் படிப்பவர்களுக்குக் கிடைப்பது ஏராளம். சம்பளம் கொடுப்பதற்காக ஒவ்வொரு ரெஜிமென்ட்டும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தன் ஆட்கள் எல்லோருடைய பெயரையும் எழுதி லண்டனுக்கு அனுப்பியது. 1732 முதல் 1878 வரையானவை டபிள்யூ.ஓ. 12, அதற்குப் பின் 1898 வரையானவை டபிள்யூ.ஓ. 16, பீரங்கிப் படைக்கு டபிள்யூ.ஓ. 10, பொறியாளர் படைக்கு டபிள்யூ.ஓ. 11. இவற்றுக்குப் பெயர் அகரவரிசை கிடையாது. ரெஜிமென்ட், ஆண்டு என்ற வரிசையில்தான் கட்டுகள் இருக்கும்; ஆகவே ரெஜிமென்ட் தெரியாமல் உள்ளே நுழைய முடியாது.

படிக்கும் முறை இது. அவர் நிச்சயமாகப் படையில் இருந்தார் என்று தெரிந்த ஒரு ஆண்டை எடுங்கள். பரங்கிமலைத் தேவாலயத்தில் ஒரு குழந்தையின் ஞானஸ்நானத் தேதி இருந்தால்கூடப் போதும். அந்தக் காலாண்டில் அவர் பெயரைக் கண்டுபிடித்து, அங்கிருந்து காலாண்டு காலாண்டாகப் பின்னோக்கிப் போங்கள். பெயர் முதன்முதலில் தோன்றும் இடத்தில் அவர் புதிதாகச் சேர்ந்தவரா, வேறு ரெஜிமென்ட்டிலிருந்து வந்தவரா என்ற குறிப்பு இருக்கும். பிறகு முன்னோக்கி வாருங்கள். பெயர் மறையும் காலாண்டின் கடைசிப் பக்கங்களில் இறந்தவர்கள், விடுவிக்கப்பட்டவர்கள், ஓடியவர்கள் பட்டியல் தனியாக இருக்கும். பிறந்த ஊர், தொழில், சேர்ந்த தேதி ஆகியவை பல சமயம் அங்கேதான் கிடைக்கும். வரிசைக்கு நடுவில் "மருத்துவமனை", "காவல் சிறை", "வழியில்" என்றெல்லாம் குறிப்புகள் வரும். எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். ஏறக்குறைய 1868 முதல் 1883 வரையான தொகுதிகளில் திருமணமானவர்களின் பட்டியலும் உண்டு.

மனைவி, குழந்தைகளைத் தேட இரண்டு வழிகள். ரெஜிமென்ட்கள் தாமே வைத்திருந்த பிறப்புப் பதிவேடுகள் 1761 முதல் 1924 வரை இங்கிலாந்தின் பொதுப் பதிவு அலுவலகத்தில் உள்ளன; படைப் பாதிரியார்களின் பதிவுகளும் அங்கேயே. இந்தியத் தேவாலயங்களில் நடந்தவற்றின் நகல்கள் இந்தியா ஆபீஸ் பதிவுகளில் "என்" தொகுப்பில் இருக்கின்றன; அதில் என்/2 என்பது சென்னை மாகாணம். இந்தியாவில் வாழ்ந்த பிரிட்டிஷ் குடும்பங்களுக்கான ஆய்வுச் சங்கமான ஃபிபிஸ் நடத்தும் தரவுத்தளத்தை இலவசமாகத் தேடலாம். கண்டோன்மென்ட்கள், ரெஜிமென்ட்கள் பற்றிய அவர்களுடைய குறிப்புகளும் மிகப் பயனுள்ளவை. ஒரு எச்சரிக்கை: அனுமதி பெறாமல் கல்யாணம் செய்துகொண்ட சிப்பாயின் மனைவியை ரெஜிமென்ட் கணக்கில் எடுக்காது. உள்ளூர்ப் பெண்ணை மணந்தவர்களின் குடும்பங்கள் இப்படித்தான் ராணுவத் தாள்களிலிருந்து காணாமல் போயின. அவர்களுக்குத் தேவாலயப் பதிவேடே ஆதாரம்.

1911 இங்கிலாந்து மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வெளிநாட்டில் இருந்த பிரிட்டிஷ் படைகளையும் பெயர் பெயராக எடுத்தார்கள். அந்த ஆண்டு இந்தியாவில் இருந்தவர் குடும்பத்தோடு அதில் கிடைப்பார்.

முதல் உலகப்போர்: எரிந்த தாள்கள்

1940 செப்டம்பரில் லண்டனில் விழுந்த குண்டுகள் போர்த்துறையின் ஆவணக் கிடங்கை எரித்தன. முதல் உலகப்போர்ச் சிப்பாய்களின் தாள்களில் சுமார் 60 சதவீதம் அன்று அழிந்தன. கருகியும் தண்ணீரில் ஊறியும் மிஞ்சியவை டபிள்யூ.ஓ. 363, பென்சன் துறையிடம் தனியாக இருந்ததால் தப்பியவை டபிள்யூ.ஓ. 364. இரண்டையும் ஆன்செஸ்ட்ரி என்ற இன்னொரு வம்சாவளித் தளத்திலும் ஃபைண்ட்மைபாஸ்ட்டிலும் பார்க்கலாம்.

இரண்டு தளங்களிலும் இருப்பது அதே தாள்கள்தான். ஆனால் பெயர்களை வாசித்து ஏற்றியவர்கள் வேறு. ஒன்றில் தவறாகப் படிக்கப்பட்ட பெயர் மற்றதில் சரியாக இருக்கும், ஆகவே இரண்டிலும் தேடுங்கள். கிடைத்த படத்துக்கு முன்னும் பின்னும் பத்துப் பதினைந்து படங்களைப் புரட்டுங்கள். கருகிய தாள்கள் இடம் மாறி அடுத்தவர் கோப்புக்குள் போயிருப்பது சகஜம்.

தாள் எரிந்திருந்தால் சுற்றி இருப்பவற்றைக் கொண்டு ஆளை மீட்டெடுக்க வேண்டும். முதலில் பதக்க அட்டை, டபிள்யூ.ஓ. 372. வெளிநாட்டில் பணியாற்றியவர்களுக்கு அநேகமாக ஒரு அட்டை இருக்கும். இங்கிலாந்தை விட்டு வெளியே போகாதவர்களுக்குப் பெரும்பாலும் இருக்காது. அட்டையில் படைப்பிரிவுகள், எண்கள், எந்தப் போர்முனைக்கு எந்தத் தேதியில் போனார் என்ற விவரங்கள் இருக்கும். பிரிட்டிஷ் போர்ப் பதக்கம் மட்டும் இருந்து வெற்றிப் பதக்கம் இல்லையென்றால் அவர் போர்முனைக்குப் போகாமல் இந்தியா போன்ற இடத்தில் காவல் பணியில் இருந்திருக்க வாய்ப்பு அதிகம். அட்டையின் மூலையில் இருக்கும் பட்டியல் எண்ணைக் கொண்டு டபிள்யூ.ஓ. 329-இல் இருக்கும் பதக்கப் பட்டியலுக்குப் போனால், அட்டையில் இல்லாத பட்டாலியன் (ரெஜிமென்ட்டின் உட்பிரிவு) எண் அங்கே கிடைக்கும். பட்டாலியன் தெரிந்தால் டபிள்யூ.ஓ. 95-இல் அதன் போர் நாட்குறிப்பைப் படிக்கலாம். அதில் சாதாரணச் சிப்பாய்களின் பெயர் அபூர்வமாகத்தான் வரும். ஆனால் எந்த நாளில் எந்தக் கிராமத்தில் பதுங்குகுழியில் இருந்தார்கள் என்பது தெரியும்.

இறந்தவர்களுக்குச் சிப்பாய் உடைமைப் பதிவேடு இருக்கிறது. 1901 முதல் 1929 வரையான இது தேசிய ராணுவ அருங்காட்சியகத்தின் சொத்து, ஆன்செஸ்ட்ரியில் தேடலாம். எவ்வளவு பணம், யாருக்கு என்று எழுதியிருப்பதால் வாரிசின் பெயரும் உறவும் தெரிந்துவிடும். காயம்பட்டவர்கள், விதவைகள் ஆகியோருக்கான பென்சன் அட்டைகளை 2012-இல் வெஸ்டர்ன் ஃபிரண்ட் அசோசியேஷன் என்ற முதல் உலகப்போர் ஆய்வுச் சங்கம் அழியாமல் காப்பாற்றியது. அறுபது லட்சத்துக்கும் மேற்பட்ட அட்டைகள், ஃபோல்ட்3 தளத்தில் உள்ளன. கைதியாகப் பிடிபட்டவர்களை ஜெனீவா செஞ்சிலுவைச் சங்கத்தின் இணையப் பதிவுகளில் இலவசமாகத் தேடலாம்.

1921-க்குப் பின்னும் பணியில் இருந்தவர்கள்

1921 தொடக்கத்துக்குப் பிறகும் பணியில் தொடர்ந்த சிப்பாய்களின் கோப்புகளும், 1922 மார்ச்சுக்குப் பின் தொடர்ந்த அதிகாரிகளின் கோப்புகளும் 1940-இல் எரிந்த அந்தக் கிடங்கில் இல்லை. 1914-இல் சேர்ந்து 1930-இல் ஓய்வுபெற்றவரின் முதல் உலகப்போர்த் தாள் எரிந்துவிட்டது என்று கைவிடாதீர்கள். அது பிந்தைய கோப்போடு பத்திரமாக இருக்கும்.

இந்தக் கோப்புகளைப் பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சகம் 2022 முதல் கியூவுக்கு மாற்றிவருகிறது. எனவே முதலில் டிஸ்கவரியில் பெயர், எண், பிறந்த தேதியோடு தேடுங்கள். பிறந்து 115 ஆண்டு கடந்தவர்களின் கோப்பு பொதுவாகத் திறந்திருக்கும். அதற்குப் பின் பிறந்தவர் என்றால் இறப்புச் சான்று இணைத்துக் கேட்க வேண்டும். டிஸ்கவரியில் இல்லையென்றால் பிரிட்டிஷ் அரசின் இணையதளத்தில் ராணுவச் சேவைப் பதிவு கோரும் படிவத்தை நிரப்புங்கள். பணியிலேயே இறந்தவருக்கு இறப்புச் சான்று தேவையில்லை. பதில் வர மாதக்கணக்கில் ஆகும்; அதற்குள் இரண்டாவது விண்ணப்பம் போட்டால் குழப்பம்தான் மிஞ்சும்.

ஜப்பானியர்களிடம் கைதியாக இருந்தவர்களுக்கு டபிள்யூ.ஓ. 345-இல் ஜப்பானிய மொழியில் எழுதிய அட்டைகள் உள்ளன. தென்கிழக்கு ஆசியப் போர்முனையின் நாட்குறிப்புகள் டபிள்யூ.ஓ. 172.

அதிகாரிகள்

அதிகாரியைத் தேடுவது எளிது. அச்சிட்ட ராணுவப் பட்டியல்களும் லண்டன் கெஜட் என்ற அரசிதழும் இணையத்தில் இலவசம். நியமனமும் பதவி உயர்வும் தேதியோடு இருக்கும். 1871 வரை பதவியை விலைக்கு வாங்கும் வழக்கம் இருந்ததால், 1793 முதல் 1870 வரை அதற்காக எழுதிய கடிதங்கள் டபிள்யூ.ஓ. 31-இல் உள்ளன, குடும்பச் செய்திகள் அதில் நிறைய வரும். முதல் உலகப்போர் அதிகாரிகளுக்கு டபிள்யூ.ஓ. 339, 374.

இந்தியச் சிப்பாய்கள்

தமிழ்நாட்டு வாசகர்களில் பலருக்கு உண்மையில் வேண்டியது இந்தப் பகுதிதான், கடினமானதும் இதுதான். பிரிட்டிஷ் நூலகத்தின் எல்/மில் என்ற ராணுவத் தொகுப்பில் சென்னைப் படையின் ஐரோப்பியர்களுக்கு எல்/மில்/11-உம், இருபதாம் நூற்றாண்டு இந்திய ராணுவ அதிகாரிகளுக்கு எல்/மில்/14-உம் இருக்கின்றன. சாதாரணச் சிப்பாய் அங்கே தனிக் கோப்பாகக் கிடைக்கமாட்டார். எனவே இந்தியாவில்தான் தேட வேண்டும்.

சென்னை ரெஜிமென்ட்டின் தலைமையகம் நீலகிரி வெல்லிங்டனில். மெட்ராஸ் சாப்பர்ஸ் எனப்படும் பொறியாளர் படையின் தலைமையகம் பெங்களூரில். மற்றப் பிரிவுகளுக்குத் தனித்தனி ரெக்கார்ட் ஆபீஸ் உண்டு. இங்கும் சேவைத் தாளைக் காப்பாற்றுவது பென்சன்தான். பென்சன் இல்லாமல் வெளியேறியவரின் சேவைத் தாள்களை 25 ஆண்டுக்குப் பின் அழித்துவிடும் விதி இருக்கிறது. இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பப்பட்ட லட்சக்கணக்கானவர்களின் தாள்கள் இப்படியே போயின. ஆனால் "லாங் ரோல்" எனப்படும் பதிவேட்டில் ஓரிரு வரியாவது மிஞ்சியிருக்கக்கூடும். ஆகவே கடிதத்தில் "சேவைத் தாள்கள்" என்று மட்டும் கேட்காமல் "லாங் ரோல் பதிவின் நகல்" என்றும் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

கடிதத்தில் இருக்க வேண்டியவை: எண், பதவி, பெயர், தகப்பனார் பெயர், அன்றைய கிராமம், தாலுகா, மாவட்டம், படைப்பிரிவு, உத்தேச ஆண்டுகள், உங்களுக்கு என்ன உறவு, கையில் உள்ள தாள்களின் நகல். பெயரை எத்தனை விதமாக ஆங்கிலத்தில் எழுதியிருக்க முடியுமோ அத்தனையும் கொடுங்கள். முனுசாமி என்ற ஒரே பெயரை எழுத்தர்கள் நான்கைந்து விதமாக எழுதியிருப்பார்கள். "சாமி" என்பதைத் தனிச் சொல்லாகப் பிரித்து, அதையே குடும்பப் பெயராக்கியதும் உண்டு. மாவட்டத்தையும் அன்றைய பெயரில் எழுதுங்கள். இன்றைய கிருஷ்ணகிரி அன்று சேலம். வேலூர், திருவண்ணாமலைப் பக்கம் வட ஆற்காடு. கடலூர், விழுப்புரம் தென் ஆற்காடு. பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு, உறவுக்கான ஆதாரம் இணைத்து மனுப் போடலாம். உங்கள் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலும் விசாரியுங்கள்; எந்த ரெக்கார்ட் ஆபீஸுக்கு எழுதுவது என்று வழிகாட்டுவார்கள்.

கலைக்கப்பட்ட படைகள் தனிச் சிக்கல். 1922 சீர்திருத்தத்தில் உருவான 3-ஆம் சென்னை ரெஜிமென்ட் அந்தப் பத்தாண்டிலேயே கலைக்கப்பட்டது. மெட்ராஸ் பயனியர்கள் 1933-இல். இன்றைய சென்னை ரெஜிமென்ட்டின் பட்டாலியன்கள் 1941 முதல் மறுபடியும் எழுப்பப்பட்டவை. 1920-களில் வெளியேறிய சிப்பாயின் தாளை அவர்களிடம் எதிர்பார்ப்பது அதிகம். அப்போது எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தின் கோப்புகளும் வீட்டுத் தாள்களும்தான் துணை.

போரில் இறந்திருந்தால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் இலவசமாகத் தேடுங்கள். 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரையும், 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரையும் இறந்தவர்கள் அதில் உண்டு. பல பதிவுகளில் தகப்பனார் பெயரும் கிராமமும் இருக்கும். முதல் உலகப்போரின்போது இந்தியாவில் இறந்து, கல்லறையைத் தொடர்ந்து பராமரிக்க முடியாத பலருடைய பெயர்கள் சென்னை நந்தம்பாக்கம் போர்க் கல்லறையில் உள்ள நினைவுச் சுவரில் இருக்கின்றன. மெசபடோமியாவில் (இன்றைய ஈராக்) இறந்த இந்தியர்களுக்கான பஸ்ரா நினைவகத்தில் ஒரு அநீதி நடந்தது: இந்திய அதிகாரிகளின் பெயர்கள் பொறிக்கப்பட்டன, சிப்பாய்களோ ரெஜிமென்ட் பெயருக்குக் கீழே எண்ணிக்கையாக மட்டும் எழுதப்பட்டார்கள். சுவரில் பெயர் இல்லையே என்று நிறுத்தாமல் ஆணையத்தின் இணையப் பட்டியலையும் பாருங்கள். நம் கிராமங்கள் சிலவற்றில் "இந்தக் கிராமத்திலிருந்து இத்தனை பேர் போருக்குப் போனார்கள், இத்தனை பேர் உயிர்நீத்தார்கள்" என்ற கல்வெட்டு இருக்கிறது. அதிலும் பெயர் இருக்காது. ஆனால் வயதானவர்களிடம் அந்த எண்ணைச் சொல்லிக் கேட்டால் பெயர்கள் வரும்.

ஆள் அவர்தானா என்று உறுதி செய்வது

பெயர் பொருந்தியதும் மனம் ஒப்புக்கொண்டுவிடும். அங்கேதான் தவறு நடக்கும். பெயர் தவிர இரண்டு செய்திகளாவது தனித்தனியாகப் பொருந்த வேண்டும்: பிறந்த ஊரும் தகப்பனார் பெயரும், அல்லது எண்ணும் மனைவி பெயரும். வயதை நம்பாதீர்கள். சேருவதற்காக வயதைக் கூட்டிச் சொன்னவர்களும் குறைத்துச் சொன்னவர்களும் ஏராளம். பழைய பென்சன் கணக்கில் 18 வயதுக்கு முந்தைய பணி சேராது. 1815-இல் நெப்போலியனுக்கு எதிரான வாட்டர்லூ போரில் சண்டையிட்டவருக்கு இரண்டு ஆண்டு கூடுதலாகச் சேர்த்தார்கள். ஆகவே டிஸ்சார்ஜ் தாளில் உள்ள மொத்த ஆண்டுகளைக் கழித்துச் சேர்ந்த ஆண்டைக் கணக்கிட்டால் தவறும்.

கியூவுக்கு நேரில் போகிறவர்கள் படிப்பவர் சீட்டுக்காக அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் எடுத்துப்போக வேண்டும். உள்ளே பென்சில் மட்டும் அனுமதி, பேனா கூடாது. சொந்தக் கேமராவில் படம் எடுக்கக் கட்டணம் இல்லை. ஆன்செஸ்ட்ரியையும் ஃபைண்ட்மைபாஸ்ட்டையும் அங்கே இலவசமாகப் பார்க்கலாம். போக முடியாதவர்கள் கட்டணம் கட்டி நகல் கேட்கலாம்.

ஒவ்வொரு படத்தின் பெயரிலும் தொகுப்பு எண், கட்டு எண், பக்கம் ஆகிய மூன்றையும் அன்றே எழுதிவிடுங்கள். தேடியும் கிடைக்காதவற்றையும் தேதியோடு குறித்துவையுங்கள்: எந்தத் தொகுப்பு, எந்த ஆண்டுகள், எந்தெந்த எழுத்துமுறை என்று. கியூவுக்குப் புதிய கோப்புகள் இன்னும் வந்துகொண்டிருக்கின்றன. இன்று இல்லாதது அடுத்த ஆண்டு பட்டியலில் ஏறியிருக்கலாம். அப்போது எதை மறுபடி தேடுவது என்பதை இந்தக் குறிப்புதான் சொல்லும்.